நம்பிக்கைகளும் உண்மைகளும்: வாசகர் எங்கிருந்து வருகிறார்?

சொந்தப் பெயரில், சொந்தச் செலவில் எழுதி வெளியிடும் ஒருவருக்குப் பின்னால் முதலாளி கிடையாது, விற்பனைப் பிரிவு கிடையாது, ஊர் ஊராக முகவர் கிடையாது. அவரும் அவரை வாசிப்பவரும் மட்டும்தான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள உறவைப் பற்றித்தான் எத்தனை தவறான நம்பிக்கைகள்! அவற்றை நம்பி, ஆறே மாதத்தில் மனம் விட்டுப்போய் நிறுத்திக்கொண்ட நல்ல கைகளை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். தனியாளாக இதழ் நடத்திய மூன்று பேரின் அனுபவம் துணைக்கு இருக்கிறது: திருவல்லிக்கேணியில் சி.சு. செல்லப்பா, பீட்டர்ஸ்பர்க்கில் தாஸ்தயேவ்ஸ்கி, வாஷிங்டனில் ஐ.எஃப். ஸ்டோன்.

நம்பிக்கை: ஆயிரக்கணக்கில் வாசகர் சேர்ந்தால்தான் எழுதுவதில் அர்த்தம் உண்டு.

1959 ஜனவரியில் செல்லப்பாவின் 'எழுத்து' முதல் இதழ் வந்தபோது, 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அவரே வரம்பு கட்டிக்கொண்டார். கடைகளில் தொங்கவிடுவதை நம்பாமல் சந்தாதாரர்களை நம்பினார். அந்த 2000-ஐ 'எழுத்து' ஒருபோதும் எட்டவில்லை. 1970 வரை 119 இதழ்கள் வந்து நின்றுபோனது. கணக்குப் பார்ப்பவர் இதைத் தோல்வி என்றே எழுதி வைப்பார்.

ஆனால் அதை வாசித்தவர்கள் யார் என்று பாருங்கள். திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்ற இருபது வயது இளைஞர் எழுதினார். பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்டவர் அவர்தான். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் கவிதை அனுப்பினார். திருவனந்தபுரத்திலிருந்து நகுலன். வடக்கே மத்திய அரசு வேலையில் இருந்த வெங்கட் சாமிநாதனின் 'பாலையும் வாழையும்' அந்தப் பக்கங்களில்தான் வெளியானது. 1962-இல் எழுத்து பிரசுரம் 'புதுக்குரல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தபோது அதில் 24 கவிஞர்கள் இருந்தார்கள். தமிழில் புதுக்கவிதை வேரூன்றியது இந்தச் சின்ன வட்டத்தில்.

வாசித்தவர் திரும்ப எழுதினார்; எழுதியதை ஆசிரியர் மதித்து அச்சிட்டார்; அதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். 'எழுத்து' வளர்ந்த விதம் இவ்வளவுதான். படித்துவிட்டு மடித்து வைக்கும் பத்தாயிரம் பேரைவிட, படித்ததும் பேனாவைத் தேடும் ஐம்பது பேர் ஒரு இதழுக்குப் பெரிய சொத்து. எத்தனை பேர் வாசித்தார்கள் என்று தினமும் எண்ணிக்கொண்டிருப்பவர் இந்த ஐம்பது பேரைக் கண்டுகொள்வதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

நம்பிக்கை: வாசகருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு அதையே எழுத வேண்டும், அதுவும் ஒரே துறையில் நிற்க வேண்டும்.

இந்த நம்பிக்கைதான் அதிகம் பேரைக் கெடுத்திருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1876 தொடக்கத்தில் தாஸ்தயேவ்ஸ்கி 'ஓர் எழுத்தாளரின் நாட்குறிப்பு' என்று ஒரு மாத இதழ் தொடங்கினார். எழுதுபவர் அவர் ஒருவரே. ஆண்டுச் சந்தா இரண்டு ரூபிள், தனி இதழ் 20 கோபெக். பொருள் இன்னதென்று வரம்பே கிடையாது. நீதிமன்ற வழக்கு, தற்கொலை, தெருவில் கண்ட குழந்தை, போர், ஆவியுலகப் பேச்சு, திடீரென்று ஒரு சிறுகதை என்று ஒவ்வொரு மாதமும் அவர் மனத்தை எது அறுத்ததோ அது வந்தது. ஓரிதழ் முழுவதையும் ஒரே கதைக்குக் கொடுத்த மாதமும் உண்டு. வாசகரைப் பிடித்து வைத்திருந்தது துறையல்ல. எதைப் பார்த்தாலும் ஒரே ஆள் பார்க்கிறார் என்ற நிச்சயம்.

அந்த வருடம் மே மாதம் பீட்டர்ஸ்பர்க்கில் கொர்னிலோவா என்ற கர்ப்பிணிப் பெண், கணவனின் முதல் தாரத்து ஆறு வயதுப் பெண்ணை நான்காவது மாடி ஜன்னலிலிருந்து தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். குழந்தை எப்படியோ பிழைத்துக்கொண்டது. கொர்னிலோவாவுக்கு இரண்டு வருடம் எட்டு மாதம் கடுங்காவல், பிறகு ஆயுள் முழுவதும் சைபீரியா என்று அக்டோபரில் தீர்ப்பு. ஊர் முழுவதும் அந்தச் சிற்றன்னையைச் சபித்துக்கொண்டிருந்தபோது, கர்ப்ப காலத்து மனக்குலைவு அவளை இப்படிச் செய்ய வைத்திருக்கலாம், தீர்ப்பை மறுபடி யோசிக்கக் கூடாதா என்று தாஸ்தயேவ்ஸ்கி எழுதினார். யாருக்கும் பிடிக்கக்கூடிய கருத்தே அல்ல அது.

நீதித்துறையில் வேலை பார்த்த ஒரு வாசகர் அதைப் படித்தார். உடனே தாஸ்தயேவ்ஸ்கிக்குக் கடிதம் எழுதி, மேல்முறையீட்டுக்கு என்ன வழி, மனுவை யாரிடம் எப்படிக் கொடுப்பது என்று விளக்கினார். தாஸ்தயேவ்ஸ்கி சிறைக்குப் போய் அந்தப் பெண்ணைப் பலமுறை பார்த்தார். வழக்கு மறுவிசாரணைக்கு வந்தது. 1877 ஏப்ரலில் அவள் விடுதலையானாள்; அன்று அவரும் நீதிமன்றத்தில் இருந்தார்.

பிடித்ததை எழுதித் தருகிறவர் என்று அவரை நினைத்திருந்தால், முன்பின் தெரியாத அந்த வாசகர் கடிதம் எழுத உட்கார்ந்திருப்பாரா? தன்னால் சரிசெய்யக்கூடிய ஒரு குறை எழுத்தில் தெரிந்ததால்தான் அவர் எழுதினார்.

இதே இதழில் தவறிய இடமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. யூதர்களைப் பற்றி தாஸ்தயேவ்ஸ்கி எழுதியவை வெறுப்பு தோய்ந்தவை. அர்க்கதி கோவ்னர் என்ற யூத வாசகர் சிறையிலிருந்தபடியே அவரை நேருக்கு நேர் தட்டிக்கேட்டுக் கடிதம் எழுதினார். 1877 மார்ச் இதழில் அந்தக் கடிதத்தின் பகுதிகளைத் தாஸ்தயேவ்ஸ்கி அச்சிட்டுப் பதிலும் எழுதினார். பதில் மோசமானது, தன் முன்முடிவுகளை அவர் விடவில்லை. ஆனாலும் தன்னைக் கண்டித்த குரல் தன் பக்கத்திலேயே கேட்கட்டும் என்று விட்டதால், யார் சொன்னது நியாயம் என்று இன்றைய வாசகரால் எடைபோட முடிகிறது. கண்டனக் கடிதத்தைக் கிழித்துப் போடுகிற ஆசிரியருக்கு இந்த வாய்ப்புகூட மிஞ்சாது.

நம்பிக்கை: உள்ளே ஆள் தெரிந்திருக்க வேண்டும், யாருக்கும் கிடைக்காத தகவல் கையில் இருந்தால்தான் வாசகர் வருவார்.

1953 ஜனவரியில் ஐ.எஃப். ஸ்டோனுக்கு வேலை தர எந்தப் பத்திரிகையும் தயாராக இல்லை. அமெரிக்காவில் இடதுசாரிகளைத் தேடித் தேடி வேட்டையாடிய மெக்கார்த்தி காலம். அவருக்கு வயது 45, காது மந்தம். அவர் எழுதிவந்த நாளிதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டிருந்தன. தானே ஓர் இதழ் தொடங்குவதாக, அந்த நாளிதழ்களின் பழைய சந்தாதாரர் முகவரிகளுக்குக் கடிதம் போட்டார். 5300 பேர் பணம் அனுப்பினார்கள். நான்கு பக்க வார இதழ், ஆண்டுக்கு ஐந்து டாலர், விளம்பரம் இல்லை. ஐன்ஸ்டைனும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் முதல் சந்தாதாரர்களில் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் இதழைத் தூக்கி நிறுத்தியது அவர்கள் பெயரல்ல, முன்பே ஸ்டோனின் எழுத்தைப் படித்துப் பழகிய சாதாரண ஆட்கள். முதல் வாசகர் வானத்திலிருந்து குதிப்பதில்லை. நாம் முன்பு எங்கே நேர்மையாக வேலை செய்தோமோ அங்கிருந்துதான் அவர் எழுந்து வருகிறார்.

அதிகாரிகள் ரகசியமாகச் சொல்வதை அவர் நம்பியிருக்கவில்லை. யாரும் வாங்கிப் படிக்கக்கூடிய அரசு ஆவணங்களையும் நாடாளுமன்ற விசாரணைப் பதிவுகளையும் வரி விடாமல் படித்தார். 1957 செப்டம்பரில் நெவாடாவில் பூமிக்கடியில் ஓர் அணுவெடிப்புச் சோதனை நடந்தது. அதன் அதிர்வு 200 மைலுக்கு அப்பால் தெரியாது என்று அணுசக்தி ஆணையம் பிறகு அறிவித்தது. இது சின்ன விஷயமல்ல. தூரத்திலிருந்து கண்டறிய முடியாது என்றால், சோதனைத் தடை ஒப்பந்தம் போட்டுப் பயனில்லை என்று வாதாடலாம். ஆனால் சோதனைக்கு மறுநாள் நாளிதழில், டொரன்டோ, ரோம், டோக்கியோ போன்ற ஊர்களில் அதிர்வு பதிவானதாகச் சில வரிகள் வந்திருந்தன. ஸ்டோன் அந்தத் துணுக்கை எடுத்து வைத்திருந்தார். அரசின் நிலநடுக்க ஆய்வாளர்களிடமே போய்க் கேட்டார். 2000 மைலுக்கும் அப்பால் அலாஸ்காவில்கூடப் பதிவாகியிருந்தது. ஆணையம் தன் அறிக்கையைத் திருத்த நேர்ந்தது.

இதில் வாசகரோடு என்ன உறவு என்று கேட்கலாம். எதை எங்கே படித்தேன் என்று ஸ்டோன் சொல்லிவிடுவார். வேண்டுமானால் நீங்களும் எடுத்துப் பாருங்கள் என்பது அதன் பொருள். வாசகரைத் தனக்குச் சமமாக உட்கார வைக்கிற செயல் அது. 1971-இல் இதழை மூடும்போது சந்தாதாரர் எண்ணிக்கை 70,000-ஐ ஒட்டியிருந்தது. பத்தொன்பது வருடமும் சந்தா அதே ஐந்து டாலர்.

நம்பிக்கை: தினமும் எதையாவது எழுதாவிட்டால் மறந்துவிடுவார்கள்.

மறக்கமாட்டார்கள். சொன்ன நாளில் வருவது முக்கியம், அடிக்கடி வருவதல்ல. 1877 முடிவில் தாஸ்தயேவ்ஸ்கி நாட்குறிப்பை நிறுத்திவிட்டு, 'கரமாசோவ் சகோதரர்கள்' எழுதப் போனார். இரண்டரை வருடம் கழித்து, 1880 ஆகஸ்டில் புஷ்கினைப் பற்றிய தன் உரையோடு ஒரே ஓர் இதழ் போட்டார். சில நாட்களிலேயே தீர்ந்து மறுபடி அச்சிட வேண்டியிருந்தது. ஸ்டோனும் உடல்நலம் குன்றியபோது வார இதழை இருவார இதழாக்கினார். வாசகர் விட்டுப் போகவில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவருக்காகத்தான் வாசகர் காத்திருப்பார். சொல்லாமல் காணாமல் போனவருக்காக எவ்வளவு நாள் காத்திருப்பார்?

நம்பிக்கை: தனியாள் இதழை ஒரே ஆள்தான் நடத்துகிறார்.

நாட்குறிப்பின் சந்தா, அச்சகக் கணக்கு, கடைக்காரர்களிடம் பேச்சு எல்லாம் தாஸ்தயேவ்ஸ்கியின் மனைவி அன்னா கிரிகோரியெவ்னா பார்த்தது. 1873-இலேயே கணவரின் நாவலைத் தாமே பதிப்பித்து வீட்டிலிருந்து விற்றவர் அவர். ஸ்டோனின் சந்தாப் பதிவேடும் அஞ்சலும் மனைவி எஸ்தர் கையில் இருந்தன. முகவரி மாறியவருக்கு இதழ் தவறாமல் போய்ச் சேர்ந்ததும் வாசக உறவில் அடக்கம். இந்த வேலையைச் செய்த பெண்களின் பெயர் அட்டையில் வரவில்லை. இப்போதாவது சொல்லி வைக்க வேண்டும் என்றுதான் இந்தப் பத்தி. உங்கள் வீட்டில் யாராவது உங்களுக்காக இந்த வேலையைச் செய்கிறார்கள் என்றால், அவர்களின் பெயரைப் போடுங்கள்.

நம்பிக்கை: எழுதி வெளியிட்டதோடு வேலை முடிந்தது.

கொர்னிலோவா விடுதலையான பிறகு ஒரு விமர்சகர் தாஸ்தயேவ்ஸ்கியைக் கடுமையாகத் தாக்கினார்: சிற்றன்னை மீது இவ்வளவு இரக்கம் காட்டினீர்களே, ஜன்னலிலிருந்து விழுந்த அந்தக் குழந்தையைப் பற்றி நினைத்தீர்களா என்று. வழக்கு முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஊர் மறந்துவிட்ட விஷயம். நாட்குறிப்பையே நிறுத்தப் போகிற மாதம் அது. தாஸ்தயேவ்ஸ்கி அதைக் கடந்து போயிருக்கலாம். 1877 டிசம்பர் இதழின் பல பக்கங்களை எடுத்துக்கொண்டு, நடந்ததை முதலிலிருந்து மறுபடி விவரித்து, அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினார். அதன் பிறகுதான் விடைபெற்றார்.