அறைக்குள் எவ்வளவு பகலொளி? கணக்கிட்டுப் பார்ப்போம்

ஊரில் முற்றம் வைத்த வீட்டில் வெளிச்சத்துக்கு யாரும் கணக்குப் பார்த்ததில்லை. இங்கே ஹைதராபாத், செகந்தராபாத்தில் அடுக்குமாடிக்கு மாறிய நம் குடும்பங்கள் பலவற்றில், பட்டப்பகலிலும் குழந்தைகள் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் படிக்கிறார்கள். வீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன், அந்த அறைக்கு எவ்வளவு பகலொளி கிடைக்கும் என்று கணிக்க முடியுமா? ஓரளவு முடியும்.

காரணி என்பது என்ன?

ஒரு பரப்பின் மீது விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறோம். வெளியே ஒளி நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆகவே உள்ளே உள்ள ஒளியை, அதே நேரத்தில் திறந்த வெளியில் உள்ள வானொளியின் சதவீதமாகச் சொல்வது வழக்கம். இதுவே பகலொளிக் காரணி. வெளியே 10,000 லக்ஸ், மேசை மேல் 200 லக்ஸ் என்றால் காரணி 2 சதவீதம். நேர் வெயில் இதில் சேராது.

அறைக்குள் ஒளி மூன்று வழிகளில் வருகிறது: ஜன்னலில் தெரியும் வானத்திலிருந்து நேராக, எதிர்க் கட்டடத்தில் பட்டு, அறையின் சுவரிலும் கூரையிலும் பட்டு. பக்கத்துக் கட்டடம் நெருங்கி எழுந்தால் முதல் வழி அடைபடும். அப்போது வெள்ளைச் சுவர்தான் கைகொடுக்கும்.

நம் நாட்டின் ஐ.எஸ். 2440 தரநிலை, சூரியன் 15 பாகை உயரத்தில் உள்ள தெளிந்த வானத்தை அடிப்படையாகக் கொண்டு, வானொளியை 8,000 லக்ஸ் என வைத்துக்கொள்கிறது. எனவே 1 சதவீதம் என்பது 80 லக்ஸ். அதன்படி சமையலறைக்கு 2.5 (200 லக்ஸ்), படிக்கும் அறைக்கு 1.9 (சுமார் 150 லக்ஸ்), கூடத்துக்கு 0.625 (50 லக்ஸ்) தேவை.

வானம் மாறினால்?

மேகம் முழுதும் மூடிய வானத்தில் உச்சி, அடிவானத்தைப் போல் மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும் என்று மூன், ஸ்பென்சர் என்னும் இருவர் 1942-ல் ஒரு வாய்பாடு தந்தனர். ஜன்னலோ பக்கவாட்டு வானத்தைத்தான் அதிகம் பார்க்கிறது. வானம் எங்கும் ஒரே பிரகாசமாக இருந்தால், மறைப்பில்லாத செங்குத்து ஜன்னலில் மொட்டைமாடி ஒளியில் 50 சதவீதம் விழும். மேகமூட்டத்தில் சுமார் 40 சதவீதமே விழும். தெளிந்த வானத்திலோ சூரியனைச் சுற்றிய பகுதியே மிகப் பிரகாசம். ஆகவே ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, மணி என்ன என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். இதனால்தான் சி.ஐ.இ. எனப்படும் சர்வதேச ஒளியமைப்பு ஆணையம் 2003-ல் வானத்தை 15 வகையாகப் பிரித்தது: மேகமூட்டம் 5, இடைப்பட்டவை 5, தெளிந்தவை 5.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஆடி மாதத்தில், வானம் முழுதும் மூடியிருக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒளி அளக்கும் செயலி உள்ள ஒரே கைப்பேசியை மேல்நோக்கி வைத்து, மொட்டைமாடியில் அளவெடுங்கள். உடனே கீழே வந்து, விளக்குகளை அணைத்து, மேசை உயரத்தில் அளவெடுங்கள். மீண்டும் மாடியில் அளவெடுங்கள். மாடி அளவுகள் இரண்டும் பெரிதும் வேறுபட்டால், வானம் நிலையாக இல்லை. இன்னொரு முறை செய்யுங்கள். கைப்பேசியின் எண் துல்லியமாக இராது. ஆனால் நமக்கு வேண்டியது விகிதம்தானே!

மாடியில் 12,000, ஜன்னலோரம் 360, உட்சுவர் அருகே 60 என்று வைத்துக்கொள்வோம். காரணிகள் 3, 0.5. மேகம் மேலும் கறுத்து வெளியே 5,000 ஆனால், ஜன்னலோரம் 150, உட்சுவரில் 25 மட்டுமே. மேசை எங்கே இருக்க வேண்டும் என்பதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெயில் நாளுக்கு இதே விகிதத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2004-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்த சி.ஐ.ஐ. சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், நடுவே முற்றம் வைத்துக் கட்டப்பட்டது. அதன் பெரும்பாலான பகுதிகள் பகலில் வானொளியிலேயே இயங்கும்படி அமைக்கப்பட்டன. நம் பாட்டி வீட்டு முற்றம் செய்த வேலையும் அதுதான்.