ஏரியின் நடுவே எழுந்த தீவு

(இளங்கலைப் புவியியல், இறுதியாண்டு மாணவர் ஒருவர்)

எங்கள் திருவேங்கடம் கரிசல் பூமி. மழை பெய்தால் காலை வைக்க முடியாது. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எரிமலைக் குழம்பு இறுகிய பாறை சிதைந்தே கரிசல் மண் ஆயிற்று என்று பள்ளியில் படித்த நாள்முதல், எங்கள் ஊரும் ஒரு காலத்தில் எரிமலையின் மடியில் கிடந்தது என்றே நம்பியிருந்தேன். முதலாண்டில் வகுப்பிலேயே அதைப் பெருமையாகச் சொல்லியும்விட்டேன். பேராசிரியர் சிரித்தார். "அது தக்காணத்துக் கரிசலப்பா. உங்கள் ஊர் மண் நைஸ் பாறையிலிருந்து வந்தது. எரிமலைதான் வேண்டுமென்றால் கடலைத் தாண்டிச் சுமத்ராவைப் பார்" என்றார். அப்படிப் பார்க்கப் போய் அறிந்ததுதான் தோபா ஏரியும், அதன் நடுவிலுள்ள சமோசிர் தீவும்.

தோபா ஏரியின் நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர், அகலம் 30, ஆழம் 500 மீட்டர். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலை வெடித்தது. அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேறிவிடவே, தாங்குவாரில்லாத மேற்கூரை உள்ளே அமிழ்ந்தது. அடிமண் அரித்துப்போன கிணற்றுத் திட்டு சரிவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்தப் பள்ளத்தில் மழைநீர் நிறைந்து ஏரியாயிற்று.

வாய் ஏரிகளில் பாறை எழுந்து நிற்பது புதிதன்று. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கிரேட்டர் ஏரியில் 'மாயக் கப்பல்' என்றொரு பாறைத்தீவு உண்டு. ஏரி பிறந்து 7,700 ஆண்டுகளே ஆயின. அந்தப் பாறைக்கோ ஏறக்குறைய நான்கு லட்சம் வயது! இடிந்த பழைய மலையின் எஞ்சிய சுவர் அது. அதே ஏரியிலுள்ள 'விசார்டு' தீவு, பின்னர் கக்கிய கங்குகள் குவிந்த புதுக் கூம்பு.

சமோசிர் இவ்விரண்டு வகையிலும் சேராது. அது ஏரியின் தரையேதான். வெடிப்புக்குப் பின் அடியில் மீண்டும் சேர்ந்த பாறைக்குழம்பு, அமிழ்ந்த தரையைப் பூரி உப்புவதுபோல் மேலே தூக்கியது. சான்று என்ன என்று கேட்பீர்கள். தீவின் மேட்டில் ஏரி வண்டல் படிந்திருக்கிறது. நீருக்கடியில் படிந்த மண் குன்றின்மேல் இருப்பதால், தரை 450 மீட்டருக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டுள்ளனர். (ஒரு வேடிக்கை: அது முழுத் தீவானது டச்சுக்காரர் காலத்தில் கால்வாய் வெட்டிய பிறகுதான். அதுவரை ஒரு பக்கம் குறுகிய நிலம் கரையோடு ஒட்டியிருந்தது.)

அந்த மலை நாட்டின் சாம்பிராணியும் கற்பூரமும் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் துறைக்கு இறங்கின. அங்கே லோபு துவாவில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-இல் தமிழில் கல்வெட்டே பொறித்தனர். அவர்களுள் யாரேனும் மேலே ஏறி ஏரியைக் கண்டிருப்பாரோ என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் தோபா நம்மிடம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது, சாம்பலாக! ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட அடுக்காகக் கிடக்கிறது. வானம் இருண்டு, குளிர்ந்து, மனித இனமே அழிவின் விளிம்புக்குப் போயிற்று என்பது ஒரு சாரார் கொள்கை. 2007-இல் வெளியான அகழாய்வோ, சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் ஒத்த வகைக் கற்கருவிகளைக் காட்டியது. செய்தவர்கள் பிழைத்திருந்தார்கள் என்பது ஆய்வாளர் வாதம். வழக்கு இன்னும் முடியவில்லை. என் மனம் பிழைத்தவர்கள் பக்கமே சாய்கிறது.

இப்போதெல்லாம் ஊரில் யார் கிணறு வெட்டினாலும் போய்த் தோண்டிப் போட்ட மண்ணைக் கிளறுகிறேன். "என்னடா, புதையலா?" என்று கேட்கிறார் பெரியப்பா. இதுவரை கரிசலும் அதன் கீழே சுக்கான் கல்லுந்தான்.