வாய்க்கால் சுழியும் டால்பின் தோலும்

அன்புள்ள கயல்,

வாய்க்காலில் நீ போட்ட வைக்கோல் நடுவில் நேராக ஓடியதையும், கரையோரம் ஒதுங்கியது சுழன்று சுழன்று பின்தங்கியதையும் எழுதியிருந்தாய். 1895-இல் முல்லைப் பெரியாற்றில் அணை கட்டி மலைக்கு இந்தப் பக்கம் திருப்பிய தண்ணீர் அது. மேலூர்ப் பக்கம் அந்தச் சுழியைப் பார்க்காதவர் இல்லை. ஏன் என்று கேட்டவள் நீ. மாமாவுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

கரையைத் தொட்டிருக்கும் நீர் நகர்வதே இல்லை. தள்ளிப் போகப் போக வேகம் கூடும். ஓட்டம் மெதுவாக இருந்தால் அடுக்கின் மேல் அடுக்கு வழுக்கிப் போகும். வேகம் மிகுந்தால் அடுக்கு குலைந்து சுழி பிறக்கும். சுழி நடுவிலுள்ள வேக நீரைக் கரைக்கு இழுத்து வரும், கரையோரத்து மந்த நீரை நடுவுக்கு வீசும். உராய்வு ஏறுவது இதனால்தான். வீட்டுக் குழாயைக் கொஞ்சமாகத் திற: கண்ணாடிக் கம்பியாக விழும். இன்னும் திற: குலையும். 1883-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டு இதைத்தான் ஆராய்ந்தார்.

அந்த உராய்வைக் குறைக்க முடியுமா? இப்போது டால்பினுக்கு வா. அதன் தோல் நெகிழ்ந்து கொடுப்பதால்தான் விரைந்து நீந்துகிறது என்று நம்பிய மாக்ஸ் கிராமர், 1950-களின் பிற்பகுதியில் ரப்பர் உறை செய்து, அதை மாதிரிக்குப் போர்த்திக் கடலில் இழுத்துப் பார்த்தார். நீர் பின்னுக்குப் பிடித்திழுக்கும் இழுவை பாதிக்கு மேல் குறைந்ததாக அறிவித்தார். வேறு பலர் முயன்றபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சரியாக அமைந்த நெகிழ் உறை, சுழி பிறப்பதைத் தள்ளிப்போடும் என்பதைப் பின்வந்த கணக்குகள் காட்டின. முழுக்கக் கலங்கிய ஓட்டத்தை அடக்குவதுதான் இன்றும் பெரும்பாடு.

எனக்கு இதைவிடப் பிடித்தது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வி. குமரன் செய்த வேலை. சுவரை ஜெல் போல மென்மையாக்கிய நுண்ணிய தடங்களில், கெட்டிச் சுவரில் குலைவதைவிட மிகக் குறைந்த வேகத்திலேயே ஓட்டம் குலைந்தது! சுவர் அதிர, நீர் அதற்கு ஊட்டம் தர, இரண்டும் சேர்ந்து ஆடின. திரவங்களைக் கலக்க வேண்டிய இடத்தில் அது வரம், கப்பலுக்குச் சாபம். மென்மை மட்டும் போதாது கயல், ஓட்டத்தின் வேகத்துக்குச் சுவரின் இளக்கம் பொருந்த வேண்டும்.

பாசியும் மெத்தென்றுதான் இருக்கிறது. ஆனால் கப்பலின் அடியில் படிந்தால் இழுவையைக் கூட்டுகிறது. அதன் இழைகள் ஆடி ஆடி நீரின் வேகத்தைத் தின்றுவிடுகின்றன. அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது, சிமென்ட் கரையில் பாசி அடர்ந்த இடத்திலும் சுத்தமான இடத்திலும் ஓரமாக வைக்கோல் போடு. பத்தடி கடக்க எத்தனை நொடி என்று பத்துத் தடவை குறித்து எனக்கு அனுப்பு. தனியாகப் போகாதே, அப்பாவைக் கூட்டிக்கொள்.

அன்புடன்,
மாமா