தட்டி வீடு

கோலார் தங்கவயலில் 'லைன் வீடு' என்று சொல்வார்கள். வரிசை வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன வீடுகள். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த வீடுகள். இவை எப்படி வந்தன?

1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். அதைத் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். அடுத்து 1880-இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி தங்கவயலுக்கு வந்தது. தங்கம் வெட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து மக்கள் வந்தார்கள். பலருக்கு ஊரில் சொந்த நிலம் இல்லை. சாதிக் கொடுமையும் இருந்தது.

வந்தவர்கள் தட்டி வீடுகளில் குடியேறினார்கள். தட்டி கட்டுவது அவர்களுக்குத் தெரிந்த வேலைதான். முதலில் கம்புகளை நடுவார்கள். மூங்கிலைப் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவார்கள். அதுதான் தட்டி. மண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்துக் குழைப்பார்கள். அதைத் தட்டியின் இரண்டு பக்கமும் பூசுவார்கள். வைக்கோல் சேர்த்தால் மண் அதிகம் வெடிக்காது. தரையைச் சாணம் போட்டு மெழுகுவார்கள்.

வீட்டில் ஒரே அறை. அங்கேதான் சமையல். அங்கேதான் படுக்கை. பின்னாளில் கூரைக்குத் தகரம் வந்தது. தகரம் மழைக்கு நல்லது. வெயிலில் கொதிக்கும். அதனால் மக்கள் வாசலில் பந்தல் போட்டார்கள். துரைமார்களுக்கோ தோட்டத்தோடு பெரிய பங்களாக்கள் இருந்தன.

சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுத்தார்கள். ஆனால் எடுத்தவர்களுக்கு வீடு சொந்தம் இல்லை. அது கம்பெனி வீடு. வேலை இருந்தால்தான் வீடு.

1956-இல் சுரங்கங்கள் அரசு வசம் வந்தன. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. வேலை போயிற்று. பலர் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். இரவில் அதே லைன் வீட்டுக்குத் திரும்பினார்கள். பாட்டன் காலம் முதல் வாழ்ந்த வீடு அது. அதைத் தங்கள் பெயருக்கு எழுதித் தரும்படி தொழிலாளர்கள் கேட்டார்கள்.

வீடு கட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா? அது யார் பெயரில் இருக்கிறது என்று படித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும்.

பேசுவோம்

1. மண்ணில் வைக்கோல் சேர்ப்பது ஏன்?
2. உங்கள் ஊரில் மண் வீடு எப்படிக் கட்டுவார்கள்?
3. உங்கள் வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? எடுத்துப் படித்துப் பாருங்கள்.