குச்சிக்கிழங்கு இலையும் கைப்பேசி லென்சும்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு நாள் காலையில் குச்சிக்கிழங்குச் செடியின் நுனிக்கொத்தைப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். இலைகள் சுருங்கிக் கொத்தாக ஒட்டிக்கிடந்தன. அடிப்புறம் முழுக்க வெள்ளை மாவு. "சார், இது பூஞ்சையா பூச்சியா? நாளைக்கு எங்கப்பா மருந்து அடிக்கப்போறாரு" என்றாள். படம் எடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்பலாம் என்று என் கைப்பேசியை எடுத்தேன். பத்துப் படங்கள் எடுத்தேன். பத்திலும் மேசை தெளிவாக இருந்தது. இலை மங்கலாக இருந்தது.

அவள் கேட்டது சின்னக் கேள்வியல்ல. மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சிகளில் இரண்டு வெளிநாட்டிலிருந்து வந்தவை. பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டது. முன்னதன் உடல் மஞ்சள், பின்னதன் உடல் இளஞ்சிவப்பு. மேலே மெழுகு படிந்திருப்பதால் வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும் இந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பிறகு அந்தப் பூச்சி பழுப்பு நிறக் கூடாகக் காய்ந்துபோகும். அப்படிப்பட்ட கூடுகள் இருக்கும் செடியில் யோசிக்காமல் மருந்தடித்தால் காவல்காரனையும் சேர்த்துக் கொன்றதாகிவிடும்.

கைப்பேசி ஏன் தோற்றது? பெரும்பாலான கைப்பேசிகள் சுமார் 10 செ.மீ.-க்கு உள்ளே இருக்கும் பொருளைக் குவிக்காது. இதற்கான விடை பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்திலேயே இருக்கிறது. லென்சின் திறன் என்பது மீட்டரில் அளந்த குவியத்தூரத்தின் தலைகீழ். லென்சுகளைச் சேர்த்து வைத்தால் திறன்கள் கூடும். 10 செ.மீ. வரை குவிக்கும் கைப்பேசி 10 டயாப்டர் வரை தானே சமாளிக்கிறது. அதன் முன்னால் ஆய்வகத்தில் உள்ள 10 செ.மீ. குவிலென்சைப் பிடித்தால் மொத்தம் 20 டயாப்டர். அதாவது 5 செ.மீ. வரை நெருங்கலாம், உருவம் இரண்டு மடங்காகும். செலவு எதுவுமில்லை. அட்டையில் ஓட்டை போட்டு லென்சை ஒட்டி, கைப்பேசியோடு ரப்பர் பேண்டால் கட்டினால் போதும்.

அது போதாது என்றால் கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் செருகும் கண்ணாடியைக் கேட்டுப் பாருங்கள். 10 மடங்கு என்று எழுதியிருந்தால் குவியத்தூரம் 25 செ.மீ.-ஐ 10-ஆல் வகுத்தது, 2.5 செ.மீ.; திறன் 40 டயாப்டர். கைப்பேசியோடு சேர்ந்தால் 50. இப்போது 2 செ.மீ. வரை நெருங்கலாம், உருவம் ஐந்து மடங்கு. அன்று மாலை பேருந்து நிலையத்தின் அருகே கடை வைத்திருக்கும் பெரியவரிடம் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கியது இதைத்தான். மெழுகுக்கு அடியில் இளஞ்சிவப்பு தெரிந்தது. நடுவே இரண்டு பழுப்புக் கூடுகள். ஒன்றில் குளவி வெளியேறிய வட்ட ஓட்டையும் இருந்தது.

படத்தைப் பார்த்த அலுவலர், தான் வந்து பார்க்கும்வரை மருந்தடிக்க வேண்டாம் என்றார். பூச்சி இன்னதுதான் என்று உறுதிசெய்வது அவர்கள் வேலை. நம் படம் அவர்களை வரவழைத்தது, அவ்வளவுதான்.

அந்த உற்சாகத்தில் இணையத்தில் மூன்று லென்சுகள் சேர்ந்த கிளிப் தொகுப்பு ஒன்றை வாங்கி ஏமாந்தேன். பிளாஸ்டிக் லென்ஸ், நடுப்பகுதி மட்டும் தெளிவு, ஓரமெல்லாம் வானவில். இரண்டாம் முறை, கண்ணாடியாலான ஒற்றை மேக்ரோ லென்ஸ் மட்டும் சில நூறு ரூபாயில் வாங்கினேன். உறையின் மேல் அச்சிட்டிருக்கும் '15 எக்ஸ்', '20 எக்ஸ்' எண்களை நம்ப வேண்டாம். வரைபடத்தாளைப் படம் எடுத்துப் பாருங்கள். குறுக்காக எத்தனை மில்லிமீட்டர் கட்டங்கள் அடங்குகின்றன, ஓரக்கோடுகள் வளைகின்றனவா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பூச்சிக்கும் லென்சுக்கும் எவ்வளவு இடைவெளி கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். மிக நெருங்கவேண்டிய லென்சில் எறும்பு ஓடிவிடும், கைப்பேசியின் நிழலும் விழும். விலை குறைந்த கைப்பேசிகளில் தனியாக வரும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவைவிட, முதன்மைக் கேமராவும் கிளிப் லென்சும் எனக்கு நல்ல படம் தந்தன.

லென்சுக்குச் செலவழிப்பதைவிட வெளிச்சத்துக்கு மெனக்கெடுவது மேல். காலை எட்டு மணி வெயில், நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள், கைப்பேசியைத் தாங்க இரண்டு செங்கல். காற்றில் ஆடும் இலையை, குச்சியில் கட்டிய துணி கிளிப்பால் பிடித்துக்கொள்ளலாம். குவிப்பதற்குத் திரையைத் தொட்டுக்கொண்டே இருக்காமல், கைப்பேசியை முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தித் தொடர்ந்து பத்துப் படம் எடுத்தால் ஒன்றாவது தேறும்.

மகரந்தம், குளத்துநீர் உயிரிகள் என்று போனால் கிளிப் லென்ஸ் போதாது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மீரட்டில் பிறந்த மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய, காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்டுஸ்கோப் 140 மடங்கு காட்டும். கைப்பேசியையும் அதில் பொருத்தலாம். ஆனால் கிளையில் ஓடும் எறும்புக்கு அது உதவாது. உங்களிடம் பழைய லென்ஸ் கழற்றும் கேமரா இருந்தால், 50 மி.மீ. லென்சுக்குப் பின்னால் 50 மி.மீ. நீட்டிப்புக் குழாய் போட்டால் பூச்சி அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும். அதைவிட மலிவு, லென்சைத் திருப்பி மாட்டும் வளையம். மாணவர் கையில் கொடுக்க எனக்கென்னவோ கிளிப் லென்சுதான் சரி.

இப்போது அந்த லென்ஸ் சாக்பீஸ் டப்பாவில் இருக்கிறது. எடுத்துப் போகிறவர்கள் நோட்டில் பெயர், தேதி, பார்த்த பொருள் எழுத வேண்டும். கடைசியாக எழுதியிருந்தது: "மாமரத்து முசுறு. கடித்துவிட்டது. படம் நாளை."