250 எம்பிபிஎஸ் யாருக்கு?

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் ஐடி வளாகத்தைச் சுற்றி வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள், நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் உட்பட, தண்ணீர் வசதியை விசாரித்த கையோடு நெட்டையும் விசாரிக்கிறார்கள். பதில் எப்போதும் எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட்) கணக்கில்தான் வருகிறது. 50 என்றால் போதாது, 100 என்றால் பரவாயில்லை, 250 என்றால் கவலையே இல்லை. வீட்டு ஃபைபர் பற்றிய தவறான நம்பிக்கைகளில், எம்பிபிஎஸ் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற இதுதான் தாய்வேர். டேட்டா லிமிட் பற்றிய பயம், 'அன்லிமிடெட்' மீதான கோபம், அரசு இணைப்பு மீதான இளக்காரம் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவையே.

இந்த நம்பிக்கை தவறு என்பதை நிறுவனங்களின் கட்டணப் பட்டியலே காட்டிக்கொடுக்கிறது. கேரள அரசின் கே-ஃபோன் 2023 ஜூன் 5-ல் தொடங்கப்பட்டபோது அறிவித்த பிளான்களில் கடைசிப் படி 20 எம்பிபிஎஸ், மாதம் 299 ரூபாய், 3000 ஜிபி. உச்சிப் படி 250 எம்பிபிஎஸ், 1249 ரூபாய், 5000 ஜிபி. வேகம் பன்னிரண்டரை மடங்கு ஏறுகிறது, விலை நான்கு மடங்குக்குக் கொஞ்சம் மேலே ஏறுகிறது, லிமிட் மட்டும் இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. 20 எம்பிபிஎஸ் இணைப்பை இரவு பகலாக முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு நாளைக்கு 216 ஜிபி, லிமிட் தீர இரண்டு வாரம் ஆகும். 250 எம்பிபிஎஸ் இணைப்பை அப்படி ஓட்டினால் நாளைக்கு 2700 ஜிபி, இரண்டாம் நாள் முடிவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். ஆனாலும் யாருக்கும் இரண்டாம் நாளில் தீருவதில்லை. வேகம் கூடினாலும் ஒரு வீட்டில் படம் பார்க்கும் கண்களின் எண்ணிக்கையோ, அவை விழித்திருக்கும் நேரமோ கூடிவிடாது. விற்கிறவருக்கு இது தெரியும். வாங்குகிறவருக்குத்தான் தெரிவதில்லை.

அப்படியானால் லிமிட் எதற்கு, அன்லிமிடெட் என்று சொல்லிவிட்டு வரம்பு வைப்பது மோசடி இல்லையா என்று கேட்கலாம். விளம்பரச் சொல்லைப் பொறுத்தவரை அந்தக் கோபம் நியாயமானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வரம்பு வீட்டுக்காரரைக் கடிக்கிறதா என்பது வேறு கேள்வி. தனியார் நிறுவனங்கள் பலவற்றின் வரம்பு மாதம் 3300 ஜிபி, அதாவது நாளைக்கு 110 ஜிபி. நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி எச்டி தரத்தில் ஒரு மணி நேரப் படத்துக்கு அதிகபட்சம் 3 ஜிபி, 4கே தரத்தில் 7 ஜிபி. ஒரு டிவியை மாதத்தின் 720 மணி நேரமும் அணைக்காமல் எச்டியில் ஓடவிட்டாலும் 2160 ஜிபிதான். வரம்பில் மோதுகிறவர்கள் ஒரே இணைப்பை ஆறேழு அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் விடுதிக்காரர்கள், டோரண்டை நிறுத்தாமல் ஓட்டுகிறவர்கள், நாலைந்து கண்காணிப்பு கேமராக்களின் பதிவை இருபத்துநாலு மணி நேரமும் கிளவுடுக்கு ஏற்றுகிறவர்கள். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் எடுத்தால் நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் போகும். நாலு கேமராவுக்கு மாதம் சுமார் 2600 ஜிபி என்றால் விளையாட்டில்லை. லிமிட் தாண்டினாலும் இணைப்பு அறுந்துவிடாது, வேகம்தான் குறையும். அந்தக் குறைந்த வேகமும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்றும், பாதி, 90 சதவீதம், முழுவதும் என ஒவ்வொரு கட்டத்திலும் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 அக்டோபரில் உத்தரவிட்டது. 2023 ஜனவரியிலிருந்து பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளவே குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும். லிமிட்டுக்குப் பிறகு என்ன வேகம் என்பதைத்தான் பிளானில் தேடிப் படிக்க வேண்டும், அது சின்ன எழுத்தில் இருக்கும்.

இனி வேகம். 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ், எச்டிக்கு 5, முழு எச்டி தரத்தில் ஒரு ஜூம் கூட்டத்துக்கு நாலுக்குள். ஹாலில் 4கே, இன்னொரு அறையில் எச்டி, கணவனும் மனைவியும் ஆளுக்கொரு மீட்டிங் என்று ஒரே நேரத்தில் நடந்தாலும் 30 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். 100 ஜிபி கேமை இறக்குகிறவர் மறுப்பார், அவர் பக்கம் நியாயம் உண்டு. 50-ல் நாலரை மணி நேரம் பிடிப்பது 250-ல் ஒரு மணிக்குள் முடியும். மாதத்தில் எத்தனை முறை அப்படி இறக்குகிறோம் என்று கணக்குப் பார்த்து அதற்கு விலை கொடுக்கலாம். மற்ற வீடுகளில் 250 வாங்கியும் 'ஸ்லோ' என்று புலம்ப வைப்பது பெரும்பாலும் வைஃபைதான். கேரள வீடுகளின் தடித்த வெட்டுக்கல் சுவர் இரண்டைத் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தளர்ந்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் பக்கத்து பிளாட்டுகளின் ரூட்டர்களோடு மல்லுக்கட்டும். ரூட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தாங்காத பழைய வகையாக இருந்தால் மீதி 150-க்குக் கட்டும் பணம் வீண். 100 எம்பிபிஎஸ் வாங்கியவர் டவுன்லோடு பெட்டியில் 12.5 என்று பார்த்து ஏமாந்துவிட்டதாக நினைப்பதும் உண்டு. விற்பது பிட்டில், பெட்டி காட்டுவது பைட்டில், எட்டில் ஒரு பங்கு.

ஃபைபர் என்றால் நம் வீட்டுக்கென்றே தனிக் கண்ணாடி இழை, யாரோடும் பங்கு இல்லை என்பதும் பரவலான நம்பிக்கை. பரவலாக உள்ள ஜிபான் முறையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் இறங்குவேகத்தை 32 வீடுகளோ 64 வீடுகளோ பகிர்ந்துகொள்கின்றன. ஏறுவேகம் அதில் பாதி. எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகம் கேட்பதில்லை என்பதால் காலம் ஓடுகிறது. மாலையில் வேகம் விழுந்தால், கேபிள்காரரிடமிருந்து மேலே போகும் இணைப்பு நெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பீடு டெஸ்டில் நிறுவனத்தின் சொந்த சர்வரை விட்டு வேறு ஊர் சர்வரைத் தேர்ந்தெடுத்தால் வேறுபாடு தெரிந்துவிடும். 'கே-ஃபோனா, அரசாங்க நெட்டா' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களும் இதைக் கவனிக்கலாம். அதன் முதுகெலும்பு கேரள மின்வாரியத்தின் பாதைகளிலும் கம்பங்களிலும் ஓடுகிறது, வீட்டுக்குள் இழுத்துத் தருகிறவர் உள்ளூர் கேபிள்காரர். ஒரே நிறுவனத்தின் இணைப்பு ஒரு தெருவில் நன்றாகவும் அடுத்த தெருவில் மோசமாகவும் இருப்பது பெரும்பாலும் அவரால்தான். எல்லாருக்கும் இலவசம் என்பதும் பிழை. இலவசம் ஏழைக் குடும்பங்களுக்காக வைக்கப்பட்டது, மற்றவர்கள் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும், 18 சதவீத ஜிஎஸ்டி தனி.

ஆகவே அமெரிக்க நேரத்தில் ராத்திரி வேலை பார்க்கிற ஒருவர் கே-ஃபோனின் தொடக்கக் கட்டணப்படி 1249 ரூபாயை ஒரே இணைப்பில் கொட்டுவதைவிட, 100 எம்பிபிஎஸ் ஒன்றை 599-க்கு எடுத்து, மிச்சத்தில் வேறு நிறுவனத்தின் சின்ன பிளான் ஒன்றையும் மாற்றாக வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் கரண்டு போனால் ஃபைபர் பாதையில் இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம், வீட்டிலிருக்கும் மோடத்துக்கும் ரூட்டருக்கும் வேண்டும். ஒரு மினி யுபிஎஸ் அதைப் பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு சிக்கல் உண்டு. இரண்டு நிறுவனங்களின் ஒயரும் ஒரே மின்கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தால், ஒரு தென்னை சாய்ந்ததும் இரண்டும் சேர்ந்தே போகும். வாசலில் நின்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்படியிருந்தால் இரண்டாவது பணத்தை மொபைல் டேட்டாவில் போடுவது மேல்.