தறிவீட்டில் இன்னொரு குடித்தனம்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆரணியிலும் அதைச் சூழ்ந்த சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய ஊர்களிலும் பட்டு நெசவு என்பது வீட்டுக்குள்ளேயே நடைபெறும் தொழிலாகையால், தறிக்குழியும் ஜக்கார்டு பெட்டியும் பாவும் இராட்டினமும் தமக்குரிய பாகத்தை முதலில் எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சிய இடத்திலேதான் மனிதர்கள் உண்பதும் உறங்குவதும் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஏற்பாடு. இத்தகைய வீட்டில் மூத்த மகனுக்கு விவாகமாகி, இளையவனுக்கும் பெண் பார்க்கத் தொடங்கும் சமயத்தில், பின்கட்டிலோ மாடியிலோ தனிச் சமையலறையும் தனி வாசலும் உள்ள ஒரு போர்ஷனைக் கட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை எழுவது இயல்பே. வயோதிகப் பெற்றோர் மகனுக்கு அருகிலும் இருக்கவேண்டும், தம் இஷ்டப்படியும் இருக்கவேண்டும் என்பதற்காகக் கட்டுவோரும் உண்டு. கூலி குறைந்த மாதங்களில் வாடகையாவது கைகொடுக்கும் என்று கட்டுவோரும் உண்டு. இந்த எண்ணத்தை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். ஆயினும் இது சம்பந்தமாக ஜனங்களிடையே வேரூன்றியிருக்கும் சில அபிப்பிராயங்கள், ஒரு குடும்பம் இருபது வருஷம் சேர்த்த பணத்தை ஒரே மழைக்காலத்தில் வீணாக்கிவிடக் கூடியவை என்பதால், அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்ப்பது அவசியம் என்று தோன்றுகிறது.

"பழைய சுவரோடு சேர்த்துக் கட்டினால் செலவும் மிச்சம், பலமும் அதிகம்" என்பது அவற்றுள் முதலாவது. செலவு மிச்சம் என்பது ஓரளவு உண்மை. பலம் அதிகம் என்பது உண்மையன்று. ஐம்பது அறுபது ஆண்டுகளாக நிற்கும் ஒரு சுவரின் அஸ்திவாரம், தான் இறங்கவேண்டிய அளவுக்கு மண்ணுக்குள் இறங்கி அடங்கிவிட்டது. புதிதாகப் போடும் அஸ்திவாரமோ, மேலே பாரம் ஏற ஏற, முதல் சில ஆண்டுகளில் கொஞ்சமாவது இறங்கியே தீரும். இவ்விரண்டையும் அசையாதபடி பிணைத்துவிட்டால், இறங்கும் சுவர் இறங்காத சுவரை இழுக்க, இணைப்பின் மேல்பக்கத்தில் விரல் நுழையும் அகலத்தில் தொடங்கி அடியில் மயிரிழையாக முடியும் வெடிப்பு ஒன்று தோன்றுகிறது. இப்படிப்பட்ட வெடிப்பை ஆரணியின் நெசவுத் தெருக்களில் பின்கட்டு உள்ள எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். பொங்கலுக்கு முன் சிமெண்டு பூசி வெள்ளையடிப்பார்கள், ஆடிக் காற்றுக்குள் அது மறுபடியும் வாய் திறந்துவிடும். பூச்சினால் தீரக்கூடிய வியாதி அன்று அது. புதிய பகுதியைத் தனக்கென்று பில்லரும் அஸ்திவாரமும் உடையதாக நிறுத்தி, பழைய சுவருக்கும் அதற்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு, அந்த இடைவெளிக்குள் மழைநீர் இறங்காதபடி மேலே மூடிவிடுவதே சரியான முறை. பழைய சுவர் மண்சாந்தினாலோ சுண்ணாம்புச் சாந்தினாலோ கட்டப்பட்டதாக இருந்தால், அதில் துளையிட்டுப் புதிய கான்கிரீட் தளத்தின் விளிம்பை ஏற்றுவது பெரும் ஆபத்து. புதுக் கடக்காலைப் பழைய அஸ்திவாரத்தைவிட ஆழமாக, ஒரே நாளில் நீளம் முழுவதும் தோண்டிவிடுவது அதைவிட ஆபத்து. சிறு சிறு துண்டுகளாகத் தோண்டிக் கட்டிக்கொண்டே போகவேண்டும். நல்ல மேஸ்திரிகளுக்கு இது தெரியும். அவசரப்படுத்தும் வீட்டுக்காரர்தான் அவர்களை மறக்கச் செய்கிறார்.

"புழக்கடை சும்மா கிடக்கிறது, அதை அடைத்துக் கட்டினால் என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் பலர். இக்கேள்வியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் தறிவீட்டில் புழக்கடை சும்மா கிடப்பதே இல்லை. பட்டு நூலின் நிறத்தில் இரண்டு சாயைகளுக்கு உள்ள வேற்றுமையையும், பாவில் அறுந்த ஓர் இழையையும், கரையில் ஜரிகை புரண்டதையும் நெசவாளியின் கண் கண்டுபிடிப்பது பின்பக்கத்து ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தில். அந்த ஜன்னலுக்கு எதிரே ஆறடி தள்ளி ஒரு சுவர் எழும்பிவிட்டால், பகலிலும் டியூப் லைட்டின் கீழ் நெய்யவேண்டி வருகிறது; அந்த வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சிவப்புகள், சேலை கடைக்குப் போய் வெயிலில் விரிக்கப்படும்போது இரண்டாகத் தெரிகின்றன. குறை சொல்லிக் கூலியில் பிடிப்பவர்கள் அந்தச் சுவரைப் பார்க்கப் போவதில்லை.

வெளிச்சத்தைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். குழித்தறி என்பது, பெயருக்கு ஏற்ப, நெசவாளி தரைமட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை இயக்கும் அமைப்பு. வீட்டின் மிகத் தாழ்ந்த இடம் அதுவே. புழக்கடை மண்ணாக இருந்தவரையில் கூரைத் தண்ணீரை அந்த மண் குடித்துக்கொண்டது. அங்கே ஒரு போர்ஷன் எழுந்து, மீதியிருந்த சந்துக்கும் சிமெண்டுத் தரை போட்டுவிட்டால், இரண்டு கூரைகளின் தண்ணீரும் போக்கிடம் இன்றிப் பழைய சுவரின் அடியில் தேங்குகிறது. ஐப்பசி கார்த்திகையில் மழை நாலு நாள் விடாமல் பெய்யும்போது, குழியின் பக்கவாட்டு மண் முதலில் கறுக்கிறது. பிறகு மிதியின் கீழே கால் வைக்கும் இடத்தில் ஈரம் கசிகிறது. பிறகு ஊற்றுப்போல் நீர் ஏறுகிறது. அப்போது தறி நிற்கவேண்டியதுதான். தறி நின்றால் கூலியும் நின்றுவிடுகிறது. புதிய குடித்தனத்துக்கென்று வெட்டும் கழிவுத் தொட்டியைத் தறிக்கூடத்துச் சுவரை ஒட்டி அமைத்துவிட்டால், குழிக்குள் வருவது மழைநீராக மட்டும் இராது. ஆகவே பின்கட்டுக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் காகிதத்தில் வரையவேண்டியது அறைகளை அல்ல. தண்ணீர் எந்த வழியாகத் தெருவுக்குப் போகும் என்ற கோட்டைத்தான். புதுக் கூரையின் சரிவைத் தறிச்சுவருக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புவதும், கழிவுத் தொட்டியைத் தறிக்குழியிலிருந்து இயன்ற தூரத்துக்குக் கொண்டுபோவதும், தறி ஜன்னலுக்கு எதிரே ஒரு திறந்த முற்றத்தை விடுவதும், இரண்டாயிரம் செங்கல் அதிகமாக வாங்குவதைவிட அதிக லாபம் தருபவை.

"அப்படியானால் மாடியில் கட்டுவதே குற்றமற்றது" என்று எண்ணிவிடவும் கூடாது. நாட்டு ஓட்டுக் கூரையையோ மரவிட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் தளத்தையோ தாங்கிய சுவர், இன்னொரு மாடியையும் தாங்கும் என்பதற்கு யாதொரு உத்தரவாதமும் இல்லை. அதைப் பொறியாளர் ஒருவர் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். தவிர, ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடும்போது, ஜக்கார்டு பெட்டியின் உச்சிக்கும் தளத்துக்கும் இடையே ஆள் ஏறி அட்டை மாற்றவும் கயிறு பார்க்கவும் இடம் இருக்கிறதா என்பதை அளக்காமல் கட்டி, பிறகு குழியை ஆழப்படுத்த நேர்ந்த வீடுகள் உண்டு. இவை எல்லாம் கவனிக்கப்பட்டால், மாடிக் குடித்தனத்தினால் தறிக்கு ஒரு நன்மையும் விளைகிறது: சித்திரை வெயில் மாடியோடு நின்றுவிடுவதால், கீழே தறிக்கூடம் குளிர்ச்சியாக இருந்து, வறண்ட சூட்டில் பட்டிழை அறுந்துபோவது குறைகிறது.

சாஸ்திர சம்பந்தமான நம்பிக்கைகளை நான் பரிகசிக்க விரும்பவில்லை. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய மாதங்களில் வாஸ்து புருஷன் விழிப்பதில்லை என்று மனை முகூர்த்தத்தை ஒத்திவைப்பவர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. புரட்டாசியில் கடக்கால் தோண்டாமலிருப்பது மழையை முன்னிட்டும் நல்லதே. ஆனால் கன்னிமூலை தாழ்ந்துவிடக்கூடாது என்பதற்காகத் தண்ணீர் ஓடும் திசைக்கு விரோதமாகத் தரையை உயர்த்துவதும், மனையடிக் கணக்குப்படி ஓர் அடியைக் கூட்டவேண்டும் என்பதற்காக ஜன்னலுக்கும் மதிலுக்கும் இடையிலிருந்த காற்றுவழியை அடைப்பதும், வீட்டில் வாழ்பவர்களின் சுகத்தைக் கெடுக்கும் காரியங்கள். வாழ்வோரின் சுகத்துக்காக ஏற்பட்ட சாஸ்திரத்தை அந்தச் சுகத்துக்கு எதிராக அனுஷ்டிப்பது நியாயமாகாது.

"சொந்த மனையில் ஓர் அறை கூட்டிக் கட்டுவதற்கு நகராட்சியின் அனுமதி எதற்கு? வீட்டு வரி ரசீது இருக்கிறதே" என்பதும் பரவலான எண்ணம். வரி ரசீது வரி கட்டியதற்குச் சாட்சியமே தவிர, கட்டடம் அனுமதி பெற்றது என்பதற்குச் சாட்சியம் அன்று. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ஆம் ஆண்டு முதல் அமலில் உள்ளன. உயரமான கட்டடங்கள் அல்லாத சாதாரண வீடுகளுக்கு, மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை மொத்தத் தளப்பரப்பு அவற்றின்படி பொதுவாக அனுமதிக்கப்படுகிறது. பக்கத்து இடைவெளிகளுக்கும் அவற்றில் அளவு உண்டு. 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் முறையைக் கேட்டுவிட்டு, "இனி அனுமதியே வேண்டாமாம்" என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு, முன்கூட்டிய ஸ்தல ஆய்வு இன்றி, உரிமையாளரின் உறுதிமொழியின் பேரில் இணையவழியில் உடனுக்குடன் அனுமதி வழங்குவதே அந்த ஏற்பாடு. அனுமதி என்பது அங்கும் இருக்கிறது, பொய்யான விவரத்துக்குப் பொறுப்பு முழுவதும் கையெழுத்திட்டவரைச் சாருகிறது. அங்கீகரித்த வரைபடம் இல்லாத போர்ஷனை ஈடாகக் கொண்டு வங்கி கடன் கொடுக்கத் தயங்கும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். 2023-இல் அது 200-இலிருந்து உயர்த்தப்பட்டது. தறிக்குரிய அந்தச் சலுகை இணைப்பிலிருந்து வாடகைக் குடித்தனத்துக்கும் ஒரு கம்பி இழுத்துக்கொடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்பது தப்பான தைரியம்; சலுகையே பறிபோகலாம். புதிய குடித்தனத்துக்குத் தனி மீட்டர் வாங்குவதே மரியாதையான வழி.

வாடகைக்கு விடுவதில் பயம் ஒரு பக்கம், அலட்சியம் ஒரு பக்கம். "பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் வீடு அவனுக்கே" என்ற பயத்தினால் நல்ல குடித்தனக்காரரைக்கூட இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். வாடகை கொடுத்து, உரிமையாளரின் சம்மதத்தின் பேரில் வசிப்பவர், எத்தனை ஆண்டு இருந்தாலும் அக்காரணத்தினால் மட்டும் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். "பதினோரு மாத ஒப்பந்தம் போதும், பதிவு வேண்டாம்" என்பது அலட்சியம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, கால அளவு எதுவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும் என்று விதித்திருக்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாது என்றும் சொல்கிறது. ஒப்பந்தத்தைப் போலவே குடியிருப்பவரின் பாதுகாப்பையும் எண்ணவேண்டும். ஈழத்திலிருந்து போய்க் கனடாவில் குடியேறிய நம்மவர்கள், ஸ்கார்பரோவில் வீட்டின் நிலவறையைத் தனிக் குடியிருப்பாக்கி வாடகைக்கு விட்டுக் கடன் அடைத்த வரலாறு எல்லாரும் அறிந்தது. ஒண்டாரியோ மாகாணம் 2022-இல் ஒரு மனையில் மூன்று குடியிருப்புகள் வரை அனுமதித்துச் சட்டம் செய்தது. ஆனால் தீ நேர்ந்தால் தப்ப வழியும், காற்றோட்டமும் இல்லாத அறையைக் குடியிருப்பு என்று அங்கே ஏற்பதில்லை. நம் பின்கட்டுகளுக்கும், பழைய வீட்டின் நடை வழியாக அன்றித் தெருவுக்கு வர ஒரு சொந்த வழி அவசியம்.

கடைசியாக வருவது, எனக்கு மிகுந்த விசாரம் தருகின்ற நம்பிக்கை: "மாடி என் காசில் கட்டியது, ஆகையால் மாடி எனக்கு." நிலம் தகப்பனார் பெயரில் இருக்க, மகன் ஜரிகைச் சேலையாக நெய்து நெய்து சேர்த்த கூலியைக் கொட்டி மாடி எழுப்பினாலும், பதிவான பத்திரம் இல்லாதவரை அந்த மாடியின் சட்டபூர்வ உரிமை நிலத்தின் உரிமையோடேதான் நிற்கும். தகப்பனார் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய சுயார்ஜித சொத்து மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும், அவருடைய தாயார் இருந்தால் அவருக்கும், சமமாகப் போகும். பூர்வீகச் சொத்திலோ, தமிழ்நாடு 1989-லேயே பெண்மக்களுக்குப் பங்கு அளித்துவிட்டது. அப்போது மணமாகிவிட்டவர்களுக்கு விடுபட்டிருந்ததை 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நிறைவு செய்தது. சீர் செய்து அனுப்பிவிட்டோம் என்று சொல்லி, இராட்டினத்தில் நூல் சுற்றியே பால்யத்தைக் கழித்த அந்தப் பெண்ணின் பங்கை மறைத்துவிட முடியாது, மறைக்கவும் கூடாது. கூடப் பிறந்தவர்கள் கோர்ட்டில் நிற்பதற்குப் பெரும்பாலும் பேராசை காரணமன்று. கட்டும்போது பேசாமல் விட்டதுதான் காரணம்.

குடும்பத்துக்குள் எழுதும் தானசெட்டில்மெண்டுப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஒன்று. அதுவும் 40,000 ரூபாயைத் தாண்டாது. பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். ஒரு மாடியின் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பம். மாடியை மட்டும் மகனுக்கு எழுதும்போது, நிலத்தில் பிரிபடாத பங்கையும் சேர்த்து எழுதவேண்டும். பெற்றோரைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே குறிப்பிடவேண்டும், ஏனெனில் அந்த நிபந்தனை தவறினால் பத்திரத்தை ரத்து செய்துகொள்ள 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆகவே, தை பிறந்ததும் கட்டத் தொடங்கலாம் என்று எண்ணியிருக்கும் அன்பர்கள், மேஸ்திரியை அழைப்பதற்கு முன்னால், மணமாகிப் போன பெண்களையும் வரவழைத்து, தாயாரையும் உடன் இருத்தி, யாருக்கு எது என்பதைப் பேசி முடித்துப் பத்திரமாக எழுதிவிடுங்கள். செங்கல் இறக்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.